சாயம் படாத சீவல்

போன வாரம் நான் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு ஒரு குறை சொன்னீர்கள். அறுவை சிகிச்சை அறையிலிருந்து நமக்கு வரும் மூளைத் திசுவோ நெல்லிக்காய் அளவு. அதைச் சீவி எடுத்தால் தேறுகிறவை சொற்பம். அந்தச் சொற்பத்திலும் ஒரு சீவலை எந்தச் சாயமும் ஏற்றாமல், எந்த மருந்தும் விடாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு விதி. யார் போட்ட விதி இது, எதற்கு இந்த வீண் என்று கேட்டீர்கள்.

நான் போட்ட விதிதான். நான் ஓய்வு பெற்றபோது நடந்த பிரிவுபசாரக் கூட்டத்திலேயே இதன் கதையைச் சொல்ல நினைத்திருந்தேன். சால்வையும் படமெடுப்பும் முடிவதற்குள் சமோசா வந்துவிட்டது, சொல்ல முடியாமல் போயிற்று.

நஸ்ரின் என்ற நோயாளியை நான் முதலில் பார்த்தது தாராவியில், அவளுடைய அம்மாவின் பட்டறையில். தோல் பை தைக்கும் பட்டறை. அம்மா ஆமினாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் போன பிறகு பட்டறையை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர முடியாது. நான் இருப்பது மாட்டுங்காவில், பஸ் ஏறினால் கொஞ்ச தூரம். அதனால் அறுவை சிகிச்சையில் எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் கேட்க நானே போனேன்.

நஸ்ரினுக்கு இருபதுகளின் தொடக்கம். சிறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு வலிப்பு. மாத்திரைகள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. வலிப்பு வருமுன் அவளுக்கு ஒரு வாசனை வரும், தோல் ஒட்டும் பசையின் வாசனை. மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் கோளாறு உள்ள சிலருக்கு இப்படி இல்லாத வாசனை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் இருந்தது பசைக்கு நடுவில். வருவது பட்டறை வாசனையா, வலிப்பின் வாசனையா என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை. ஒரு நாள் தோல் வெட்டும் கத்தியோடு மேசை மேல் சரிந்துவிட்டாள். முன்கையில் நீளமாகத் தழும்பு. அதற்குப் பிறகுதான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் ஆராய்ச்சி என்ன என்று அவளுக்குச் சொன்னேன். "மூளைல மின்சாரம் ஓடறது நியூரான்ல. அதைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கிளை விட்ட செல் இருக்கு, ஆஸ்ட்ரோசைட்னு பேர். ரொம்ப நாளா அதெல்லாம் சும்மா முட்டுக் கொடுக்கறதுன்னு நெனச்சிண்டிருந்தோம். இப்போ அதுக்குள்ள கால்சியம் ஏறி எறங்கறது தெரியறது. வலிப்பு வர்ற சமயத்துல அது அலை மாதிரி ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் பரவறது. அந்த அலை வலிப்பைக் கொண்டு வர்றதா, வலிப்பு வந்ததுனால அலை வர்றதா, அதான் எங்களுக்குத் தெரியலை."

"மத்லப், அதாவது, சண்டைய ஆரம்பிச்சது யாருன்னு பாக்கீங்க" என்றாள் நஸ்ரின்.

"அதேதான்."

"பாருங்க. என்கிட்டயிருந்து வெட்டினத வச்சி நான் என்ன பண்ணப்போறேன்."

இதனால் அவளுக்குத் தனியாகப் பலன் எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். எங்கள் துறையில் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டாள்.

என்னோடு அப்போது வேலை செய்தவள் ஆர்த்தி. முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். முனைவர் பட்டம் முடித்து எங்களிடம் சேர்ந்தவள், கை மிகவும் சுத்தம். மூளைச் சீவலை அவளைப்போல உயிரோடு காப்பாற்றத் தெரிந்தவர் எங்கள் கட்டடத்தில் யாருமில்லை. அறுவை சிகிச்சையன்று காலையில் திசு வந்தது. மதியத்துக்குள் ஆர்த்தி சீவல்களை இரண்டு சாயத்தில் ஊற வைத்துவிட்டாள். பச்சைச் சாயம் கால்சியம் ஏறும் இடத்தில் ஒளிரும். சிவப்புச் சாயம் ஆஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் அடையாளம் காட்டும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மின்சாரத்தைப் பதிவு செய்ய ஒரு மின்முனையையும் செருகினாள்.

அன்று கண்ட மாதிரி ஒரு காட்சியை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. ஒரு ஆஸ்ட்ரோசைட் பச்சையாகப் பற்றும், பக்கத்தில் இருப்பது பற்றும், அது அலையாகப் பரவும், அடுத்த கணம் பக்கத்துத் திரையில் மின்கோடு வெறிபிடித்தாற்போல் துள்ளும். வலிப்புதான். திரும்பத் திரும்ப அதே வரிசை. முதலில் கால்சியம், பிறகு துள்ளல். செல்லுக்குள் கால்சியம் ஏறுவதை மட்டுப்படுத்துகிற ஒரு மருந்தை ஆர்த்தி விட்டாள். வேறொரு நோய்க்காகப் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துதான். அலை நின்றது. துள்ளலும் நின்றது.

நஸ்ரினின் நரம்பியல் மருத்துவர் முரளி அன்று சாயங்காலம் வந்து படத்தைப் பார்த்தார். செம்பூரில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது பெரிய விஷயம்" என்று மட்டும் சொல்லிப் போனார். ஆர்த்தி வீட்டுக்குப் போகிற வழியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் ஆமினாவைப் பார்த்திருக்கிறாள். சந்தோஷம் தாங்காமல், உங்கள் பெண்ணின் திசுவிலேயே ஒரு மருந்து வலிப்பை நிறுத்தியது என்று சொல்லிவிட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்தும், மறுநாள் காலையில் நஸ்ரினுக்கு வலிப்பு வந்தது. நிற்கவில்லை. ஒன்று முடிந்து கண் திறக்குமுன் அடுத்தது.

முரளி தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரலில் அவசரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மூணு மருந்து போட்டுப் பாத்தாச்சு. நிக்கலை. அடுத்தது ஆழ்ந்த மயக்கத்துல வச்சு வென்டிலேட்டர்ல போடறதுதான். அதுலேருந்து எப்போ எழுந்துப்பான்னு சொல்ல முடியாது. எழுந்துக்காமலும் போகலாம். உங்க மருந்தைப் போட்டா, கேக்குதான்னு பாக்க சில மணி நேரமாவது விடணும். ரெண்டையும் சேத்துப் போட முடியாது, பிரஷர் விழுந்துடும். அவ மூளையிலேயே நின்னதுன்னு நேத்து காமிச்சீங்க. சொல்லுங்க. போடட்டுமா?"

"எவ்வளவு நேரம் இருக்கு எனக்கு?"

"அரை மணி. அதுக்கு மேல காத்திருந்தா, காத்திருக்கறதே ஒரு முடிவாயிடும்."

அவர் சொன்ன இன்னொன்று: "அவங்கம்மா அந்த மருந்தைப் போடச் சொல்லி இங்கேயே நிக்கறாங்க. அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு தெரியலை."

ஆர்த்தி என் எதிரில்தான் இருந்தாள். அவள் முகம் வெளுத்தது.

நான் முந்தைய நாள் பதிவைத் திறந்து முதலிலிருந்து பார்த்தேன். நம்பிக்கை தேடித்தான் திறந்தேன், சந்தேகம் தேடி அல்ல. பதிவு தொடங்கும் இடத்திலேயே சீவல் இரண்டு சாயத்திலும் ஊறியிருந்தது. அதற்கு முன்பு அந்தச் சீவல் என்ன செய்துகொண்டிருந்தது? நாங்கள் பார்க்கவில்லை. சாயமில்லாமல் படத்தில் எதுவும் தெரியாது, அதனால் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. பழைய பதிவுகளைத் திறந்தேன். வேறு நோயாளிகளின் திசு. எல்லாமே சாயத்துக்குப் பிறகுதான் தொடங்கின. சிவப்புச் சாயம் அதிகம் ஏறிய சீவல்களில் துள்ளல் அதிகமாக இருந்தது போலவும் எனக்குப் பட்டது. நோயுள்ள திசு, அதனால் துள்ளுகிறது என்றுதான் அதுவரை எழுதி வந்திருந்தோம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஒருவர், பாலக்காட்டுக்காரர், சமையல் பாஷையில்தான் பேசுவார். "பால் திரிஞ்சா எல்லாரும் பாத்திரத்தைப் பாப்பா. தயிர் நன்னா உறைஞ்சா ஒருத்தரும் பாக்க மாட்டா. அப்போதான் பாக்கணும்" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த அரை மணியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக்சிஜன் ஓடும் கரைசலில் இரவைத் தாண்டி, பார்வைக்கு நல்ல நிலையில் இருந்தது ஒரே ஒரு சீவல். சாயம் ஏற்றாதது.

"மேடம், அதுல மருந்தை இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாம்" என்றாள் ஆர்த்தி. "சாயம் ஏத்தி, மருந்து விட்டு, நின்னுடுச்சுன்னா டாக்டருக்கு தைரியமா சொல்லலாம். ரெண்டு சீவல்ல நின்னதுன்னு."

"சாயம் ஏத்தவேண்டாம். முனையை மட்டும் செருகு. சும்மா பாக்கலாம்."

"சும்மா பாத்தா என்ன தெரியும்? டைம் இல்லை மேடம். அங்க ஒரு பொண்ணு வலிச்சிட்டிருக்கா."

"தெரியும்."

"ஏதோ ஒண்ணு சொல்லியாகணும் இல்ல?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நெருக்கடியில் எல்லோரும் கேட்பது அதுதான். ஏதோ ஒன்று சொல். நான் அவளிடம், "நேத்து நின்னது நஸ்ரினோட வலிப்பா, நம்ம சாயத்தோட வலிப்பான்னு எனக்கு இப்போ தெரியலை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. இரண்டு வருட வேலையை ஒரு வாக்கியத்தில் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எழுந்து போய் முனையைச் செருகினாள்.

திரையில் கோடு நேராக ஓடியது. சின்னச் சின்ன அசைவு மட்டும். துள்ளல் இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றோம். கோடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அமைதியாக இருக்கிறதா, செத்துவிட்டதா? செத்த சீவலிலும் கோடு நேராகத்தான் ஓடும். அந்தக் கோட்டை வைத்து எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய முடியாது. சாயத்தை விட்டுப் பார்த்தால் தெரியலாம், ஆனால் அது ஊறுவதற்கு நேரம் வேண்டும்.

தொலைபேசி அடித்தது.

"சொல்லுங்க" என்றார் முரளி. அவருக்குப் பின்னால் யாரோ பெண் குரலில் பேசுவது கேட்டது. ஆமினாவாக இருக்கலாம்.

"என் படத்தை நம்பிப் போடாதீங்கோ" என்றேன். "அது தப்புன்னு சொல்லலை. அது சரியான்னு எனக்குத் தெரியலை. நான் அந்தப் படத்தைக் காட்டாமயே இருந்திருந்தா என்ன செய்வேளோ அதைச் செய்யுங்கோ. காத்திருக்காதீங்கோ."

"நேத்து இதைச் சொல்லலையே நீங்க."

"நேத்து எனக்குத் தோணலை."

வைத்துவிட்டார். ஆர்த்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த மருந்து வேலை செஞ்சிருந்தா மேடம்?" என்றாள். நான் சிவப்புச் சாயப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

பிறகுதான் அந்தச் சீவலில் சாயத்தை விட்டோம். பச்சை இல்லை, சிவப்பு மட்டும். நாற்காலியில் உட்காரவும் மனமில்லாமல் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். சாயம் ஊற ஊறக் கோட்டில் ஒரு சிறு துடிப்பு வந்தது. பின்பு இன்னொன்று. பிறகு முந்தைய நாள் பார்த்த அதே வெறித்துள்ளல். சீவல் சாகவில்லை, நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் அடையாளம் காட்டுவதற்காக ஊற்றியதுதான் அதற்கு வலிப்பை வரவழைத்தது.

ஆர்த்தி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "அவங்கம்மா கிட்ட சொன்னது நான்தான்" என்றாள். "நானே போய்ச் சொல்றேன்." இருவரும் போனோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆமினா நின்றிருந்தார். உள்ளே நஸ்ரினுக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் செருகிக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தி, தான் முந்தைய நாள் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தாள். மீதியை நான் சொன்னேன். சாயம், சீவல், எல்லாவற்றையும் எளிதாக, ஆனால் எதையும் மறைக்காமல்.

அவர் முழுவதும் கேட்டார். "நேத்து நின்னுச்சுன்னு இந்தப் பிள்ள சொல்லுச்சு. இன்னைக்கு நீங்க தெரியலங்கீங்க."

"ஆமா."

"எம்பிள்ளைய மெஷின்ல போட்டுட்டாங்க. நீங்க தெரியலன்னு சொன்னதாலதானே?"

"நான் வேண்டாம்னு சொன்னதாலதான்."

"அப்போ உங்களுக்கு உங்க படிப்புத்தான் பெருசு. தப்பாயிட்டா உங்க பேரு கெட்டுரும்னு பயந்துட்டீங்க. அவ்வளவுதான். போங்க இங்கயிருந்து."

நாங்கள் போனோம். வேறென்ன செய்வது.

அதற்கடுத்த நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் அதைத்தான் விட்டுவிடுவார்கள். சாயம் குற்றவாளி என்று நிரூபித்துவிட்ட திருப்தி எனக்குத் துளியும் இல்லை. அந்தச் சோதனை சொன்னதெல்லாம், என் படம் நல்ல சாட்சி இல்லை என்பது மட்டும்தான். அந்த மருந்து நஸ்ரினுக்கு உதவாது என்று அது சொல்லவில்லை. ஒருவேளை உதவியிருக்கும். முரளி மயக்கத்தைக் குறைத்துப் பார்த்தார், வலிப்பு திரும்பியது. மறுபடி ஆழத்துக்குக் கொண்டு போனார், இரண்டு முறை இப்படி. அன்று வீட்டில் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்திருக்காவிட்டால், வேண்டாம் என்று சொன்ன வாய் என் வாய். அதை யாரும் என்மீது எழுதி வைக்கப்போவதில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆமினா என்னைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் மட்டும், பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன்.

மூன்றாவது முறை மயக்கத்தைக் குறைத்தபோது வலிப்பு வரவில்லை. நஸ்ரின் கண் திறந்தாள். இடது கையில் பலம் குறைவு. சில பொருள்களின் பெயர் வாயில் வராது. தண்ணீரைக் காட்டி "அது, அது" என்பாள். பல மாதப் பயிற்சியில் பெரும்பாலும் திரும்ப வந்தது. வலிப்பு அடியோடு போகவில்லை, எப்போதாவது வரும். மாத்திரை உண்டு. இதை நல்ல முடிவு என்பதா, கெட்ட முடிவு என்பதா, எனக்குத் தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள்.

முரளி பிற்பாடு ஒரு முறை சொன்னார்: "நீங்க தெரியாதுன்னு சொன்னது எனக்குக் கோபம்தான். ஆனா நேரத்துல சொன்னீங்க. ஒரு மணி கழிச்சு அதே வார்த்தையைச் சொல்லியிருந்தா என்னால எதுவுமே பண்ணியிருக்க முடியாது." இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். 'தெரியாது' என்பதற்கும் காலாவதி உண்டு. நிச்சயம் வரட்டும் என்று அதை வாயில் வைத்துக்கொண்டிருந்தால், கடைசியில் அது யாருக்கும் உதவாத உண்மையாகிவிடும். தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதும் போதாது. அப்படியானால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆர்த்தி எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை அவளே கிழித்துப் போட்டாள். சிவப்புச் சாயம் என்ன செய்கிறது என்பதைத் தனியாக எழுதினாள். வேறு இடங்களிலும் சிலர் அதே சாயத்தில் அதே கோளாறைக் கண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்காக ஆஸ்ட்ரோசைட் நிரபராதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அலைக்கு வலிப்பில் பங்கு உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எவ்வளவு பங்கு, முன்னாலா பின்னாலா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நஸ்ரின் நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அம்மாவோடு ஆய்வகத்துக்கு வந்தாள். படம் பார்க்க வேண்டும் என்றாள். இரண்டையும் போட்டுக் காட்டினேன். பச்சை அலை பரவும் படம் ஒன்று, நேராக ஓடும் கோடு ஒன்று. முன்னது கண்ணைப் பறிக்கும். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எது நான்?"

"கோடு. சாயம் படாதது."

"ஒண்ணுமே நடக்கலியே."

"ஆமா."

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுபடி அலையைப் போடச் சொல்லித் தன் செல்போனில் அதைப் படமெடுத்துக்கொண்டாள். அழகாக இருப்பதை யாருக்குத்தான் விட மனம் வரும்.

நஸ்ரின் ஆர்த்தியோடு அடுத்த அறைக்குப் போன பிறகு ஆமினா கதவைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். அன்னைக்கு அந்த மருந்தக் குடுத்திருந்தா, எம்பிள்ள மெஷினுக்குப் போகாமலே எந்திரிச்சிருப்பாளா? கை, வாயி எல்லாம் நல்லா இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க உலகத்தில் யாராலும் முடியாது.

"தெரியாது" என்றேன்.

அவர் முந்தானையைத் தலைமேல் சரியாக இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்குத் தெரியலன்னு சொன்னதும் பொய்தான்னு நெனச்சிருப்பேன்" என்றார்.